ஒப்பீட்டான் சில்லைத் தெரிவு செய்தல்: உள்ளீட்டு மின்னழுத்த வரம்புகள்

கற்றலின் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் மாணவர்கள்
• ஒப்பீட்டானின் பணியை விளக்குவர்.
• உள்ளீட்டு மின்னழுத்தத்திற்கான மூவகை வரம்புகளை வேறுபடுத்தி அறிவர்.
• அவ்வரம்புகள் தோன்றும் காரணத்தைச் சில்லின் உள்ளமைப்பைக் கொண்டு விளக்குவர்.
• தரவுத்தாளைப் படித்து, ஒரு தேவைக்குப் பொருத்தமான ஒப்பீட்டானைத் தெரிவு செய்வர்.

1. அறிமுகம்

மின்கலம் முழுமையாக மின்னேற்றம் அடைந்துவிட்டதா, நீர்த்தொட்டி நிரம்பிவிட்டதா, உலையின் வெப்பநிலை எல்லையைக் கடந்துவிட்டதா என்னும் வினாக்களுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற இரண்டே விடைகள் உண்டு. மின்னணுச் சுற்றுகளில் இவ்விடையைத் தரும் உறுப்பு ஒப்பீட்டான் ஆகும். தொழில் வழக்கில் இது 'கம்பரேட்டர்' என்றே அழைக்கப்படுகிறது.

ஒப்பீட்டானுக்குப் புரட்டா உள்ளீடு, புரட்டும் உள்ளீடு என இரு உள்ளீடுகள் உள்ளன. புரட்டா உள்ளீட்டின் மின்னழுத்தம் மற்றதைவிட மிகுந்திருந்தால் வெளியீடு உயர்நிலையை அடையும். குறைந்திருந்தால் தாழ்நிலையை அடையும். பொதுவாக ஓர் உள்ளீட்டிற்கு மாறாத குறிப்பு மின்னழுத்தமும், மற்றதற்கு அளக்கப்பட வேண்டிய மின்னழுத்தமும் கொடுக்கப்படுகின்றன.

ஒப்பீட்டானைத் தெரிவு செய்வோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் விலையையும் முதலில் காண்பர். ஆனால், உள்ளீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் சில்லின் வரம்பிற்குள் உள்ளதா என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய வினா. அவ்வரம்பு மீறப்பட்டால் சில்லு எரிந்துபோகலாம். அல்லது எரியாமல் தவறான விடையைத் தந்துகொண்டிருக்கலாம். எரிந்த சில்லு தன் பழுதை உடனே காட்டிவிடும். தவறான விடை தரும் சில்லோ நலமாக இருப்பதுபோலவே தோன்றும். பாதுகாப்பிற்காக அமைக்கப்பட்ட சுற்றில் இந்த இரண்டாம் வகைப் பழுதே மிகுந்த கேடு விளைவிக்கும்.

2. மூவகை வரம்புகள்

2.1 மீறலாகா உச்ச வரம்பு

ஒரு சில்லின் தரவுத்தாளில் முதலில் காணப்படும் அட்டவணை இதுவே. ஒவ்வொரு முனையும் அழிவுறாமல் தாங்கக்கூடிய எல்லையை இது குறிக்கிறது. இவ்வெல்லைக்குள் இருக்கும்வரை சில்லு சேதமடையாது என்பது மட்டுமே இதன் பொருள். அது சரியாக இயங்கும் என்ற உறுதியை இவ்வட்டவணை தருவதில்லை.

2.2 பொதுநிலை உள்ளீட்டு வரம்பு

இரு உள்ளீடுகளின் மின்னழுத்தமும் எந்த எல்லைக்குள் இருந்தால் ஒப்பீடு சரியாக நிகழுமோ, அந்த எல்லை பொதுநிலை உள்ளீட்டு வரம்பு எனப்படும். இது பெரும்பாலும் வழங்கு மின்னழுத்தத்தைச் சார்ந்து அமையும். எடுத்துக்காட்டாக, பரவலாகப் பயன்படும் எல்எம்393 என்னும் சில்லில் இவ்வரம்பு 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 0 வோல்ட் முதல், வழங்கு மின்னழுத்தத்தைவிட 1.5 வோல்ட் குறைவான மதிப்பு வரை நீள்கிறது. சில்லின் முழு வெப்பநிலை எல்லையையும் கருதினால் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 2 வோல்ட்டைக் கழிக்க வேண்டும்.

2.3 வேறுபாட்டு உள்ளீட்டு வரம்பு

இரு உள்ளீடுகளுக்கும் இடையே அனுமதிக்கப்படும் மிக அதிக மின்னழுத்த வேறுபாடு இதுவாகும். எல்எம்393 சில்லில் இது 36 வோல்ட். எல்எம்311 சில்லில் 30 வோல்ட். 1960களில் வெளிவந்த µஏ710 என்னும் தொடக்ககால ஒப்பீட்டானில் இது 5 வோல்ட் மட்டுமே.

ஒப்பீட்டானைப் பொறுத்தவரை இவ்வரம்பு தனிச்சிறப்பு உடையது. செயல்பாட்டுப் பெருக்கியில் எதிர்ப் பின்னூட்டம் இருப்பதால் அதன் இரு உள்ளீடுகளும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் நிலைபெறும். ஒப்பீட்டானில் அவ்வகைப் பின்னூட்டம் இல்லை. ஆகவே, இரு உள்ளீடுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு நிலவுவதே அதன் இயல்பான நிலை.

உங்களுக்குத் தெரியுமா?
சில செயல்பாட்டுப் பெருக்கிகளின் இரு உள்ளீடுகளுக்கு இடையே எதிரெதிர்த் திசையில் இரு டையோடுகள் சில்லினுள்ளேயே இணைக்கப்பட்டுள்ளன. என்இ5532 அத்தகையது. அதன் உள்ளீடுகளுக்கு இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு ஏற்பட்டால் டையோடுகள் மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். எனவே, கைவசம் உள்ளது என்பதற்காக அதனை ஒப்பீட்டானாகப் பயன்படுத்தக் கூடாது.

3. வரம்புகள் தோன்றும் காரணம்

3.1 மேல் வரம்பு

எல்எம்393 சில்லின் உள்ளீட்டுப் பகுதியில் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்கள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கு மேலே, வழங்கு முனையுடன் ஒரு மின்னோட்ட மூலம் இணைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவைப்படுகிறது. இரண்டிற்கும் சேர்த்து 1.2 வோல்ட். மின்னோட்ட மூலம் இயங்குவதற்கு மேலும் சிறிது மின்னழுத்தம் வேண்டும். இவற்றின் கூடுதலே ஏறத்தாழ 1.5 வோல்ட் ஆகிறது. உள்ளீட்டு மின்னழுத்தம் இதற்கு மேல் உயர்ந்தால் மின்னோட்ட மூலத்திற்கு இடமின்றிப் போகும். உள்ளீட்டு டிரான்சிஸ்டர் தன் இயக்கத்தை நிறுத்திவிடும்.

வெப்பநிலை குறையும்போது அடிவாய்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் கூடும். குளிர்ந்த சூழலில் வரம்பு மேலும் குறுகுவதற்கும், முழு வெப்பநிலை எல்லைக்கு 2 வோல்ட் எனக் கூறப்படுவதற்கும் இதுவே காரணம்.

3.2 ஒரு பயனுள்ள விலக்கு

எல்எம்393 சில்லில் இரு உள்ளீடுகளில் ஒன்று பொதுநிலை வரம்பிற்குள் இருந்தால் போதும். மற்றது அவ்வரம்பைக் கடந்து உயர்ந்தாலும் வெளியீடு சரியாகவே இருக்கும். உயர்ந்த உள்ளீட்டின் டிரான்சிஸ்டர் இயக்கத்தை நிறுத்துகிறது. மற்றது முழு மின்னோட்டத்தையும் ஏற்கிறது. இது ஒப்பீட்டின் சரியான விடையோடு பொருந்துகிறது. மேலும், இச்சில்லின் உள்ளீட்டு முனை வழங்கு மின்னழுத்தம் எவ்வளவாயினும் 36 வோல்ட் வரை தாங்கவல்லது. ஆனால், இரு உள்ளீடுகளும் ஒருசேர வரம்பைக் கடந்தால் இருபுற டிரான்சிஸ்டர்களும் நின்றுவிடும். அப்போது வெளியீட்டிற்கும் ஒப்பீட்டிற்கும் தொடர்பு இராது.

இவ்விலக்கு எல்லா ஒப்பீட்டான்களுக்கும் பொருந்தாது. அந்தந்தச் சில்லின் தரவுத்தாள் வெளிப்படையாகக் கூறினால் மட்டுமே இதனை நம்பலாம்.

3.3 கீழ் வரம்பு

எல்எம்393 சில்லின் உள்ளீடு தரைமுனையின் மின்னழுத்தம் வரை, அதாவது 0 வோல்ட் வரை, இறங்கலாம். −0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சில்லின் அடித்தளத்திற்கும் உள்ளீட்டு முனைக்கும் இடையே இயல்பாக அமைந்துள்ள சந்தி முன்னோக்குச் சார்பை அடைந்து மின்னோட்டத்தைக் கடத்தும். அம்மின்னோட்டம் சில்லின் பிற பகுதிகளிலும் ஊடுருவி வெளியீட்டைத் தவறான நிலைக்குத் தள்ளக்கூடும். மின்னோட்டம் மிகுந்தால் சில்லு அழியும்.

எல்லாச் சில்லுகளும் 0 வோல்ட்டை ஏற்பதில்லை. எல்எம்311 சில்லின் பொதுநிலை வரம்பு எதிர் வழங்கு முனையைவிட 0.5 வோல்ட் உயரத்தில்தான் தொடங்குகிறது. 5 வோல்ட் ஒற்றை வழங்கில் அதனை இயக்கி, 0 வோல்ட்டை ஒட்டிய சிறு மின்னழுத்தங்களை ஒப்பிட முயன்றால் சரியான விடை கிடைக்காது.

3.4 வேறுபாட்டு வரம்பு

என்பிஎன் டிரான்சிஸ்டர் இணையை உள்ளீட்டில் கொண்ட சில்லுகளில், ஓர் உள்ளீடு மற்றதைவிட மிக உயர்ந்தால், தாழ்ந்த பக்கத்து டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பான்–அடிவாய் சந்தி பின்னோக்குச் சார்பை அடையும். இச்சந்தி ஏறத்தாழ 6 முதல் 7 வோல்ட்டிலேயே முறிவு அடைந்துவிடும். முறிவு நேர்ந்தவுடன் சில்லு செயலற்றுப் போய்விடுவதில்லை. டிரான்சிஸ்டரின் பெருக்கம் படிப்படியாகக் குறைகிறது. உள்ளீட்டு மின்னோட்டம் கூடுகிறது. ஒப்பீட்டின் துல்லியம் கெடுகிறது. µஏ710 சில்லின் வரம்பு 5 வோல்ட்டாகச் சுருங்கியதற்கு இவ்வமைப்பே காரணம். பிஎன்பி உள்ளீடுகளைக் கொண்ட எல்எம்311, எல்எம்393 ஆகியவற்றில் இச்சந்தியின் முறிவு மின்னழுத்தம் மிக அதிகம்.

3.5 முழு வீச்சு உள்ளீடு

சிமாஸ் வகையைச் சேர்ந்த சில ஒப்பீட்டான்களில் இரு வகை டிரான்சிஸ்டர் இணைகள் உடன் வைக்கப்பட்டுள்ளன. தாழ்ந்த மின்னழுத்தங்களில் ஓர் இணையும் உயர்ந்தவற்றில் மற்றோர் இணையும் பணியாற்றும். இதனால் உள்ளீட்டு வரம்பு இரு வழங்கு முனைகளையும் முழுவதுமாகத் தழுவுகிறது. எம்சிபி6541 இதற்கு எடுத்துக்காட்டு. இதன் வரம்பு இரு முனைகளையும் தாண்டி 0.3 வோல்ட் வரை நீள்கிறது. எனினும், இத்தகைய சில்லுகளின் உள்ளீட்டு முனையிலிருந்து வழங்கு முனைக்குக் காப்பு டையோடு உள்ளதால், வழங்கு மின்னழுத்தத்தை மிகுதியாகக் கடந்த மின்னழுத்தத்தை இவற்றிற்கு நேரடியாகத் தர இயலாது.

அட்டவணை 1: மூன்று ஒப்பீட்டான்களின் வரம்புகள்

| பண்பு | எல்எம்393 | எல்எம்311 | எம்சிபி6541 |
|---|---|---|---|
| வழங்கு மின்னழுத்தம் | 2 முதல் 36 வோல்ட் | அதிக அளவாக 36 வோல்ட் | 1.6 முதல் 5.5 வோல்ட் |
| பொதுநிலை வரம்பின் கீழ் எல்லை | எதிர் முனை | எதிர் முனை + 0.5 வோல்ட் | எதிர் முனை − 0.3 வோல்ட் |
| பொதுநிலை வரம்பின் மேல் எல்லை | நேர் முனை − 1.5 வோல்ட் (25 டிகிரியில்) | நேர் முனை − 2 வோல்ட் | நேர் முனை + 0.3 வோல்ட் |
| வேறுபாட்டு வரம்பு | 36 வோல்ட் | 30 வோல்ட் | வழங்கு மின்னழுத்தத்திற்குச் சமம் |

4. எடுத்துக்காட்டு 1: லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னேற்றக் காப்பு

லித்தியம் அயனி மின்கலத்தின் முழு மின்னேற்ற மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட். இதில் 50 மில்லிவோல்ட் வரையிலான பிழையே பொதுவாக ஏற்கப்படுகிறது. இதனைக் கடந்து மின்னேற்றம் தொடர்ந்தால் மின்கலம் சூடேறும். தீப்பற்றும் இடரும் உண்டு. ஆகவே, 4.2 வோல்ட்டை அடைந்தவுடன் மின்னேற்றத்தை நிறுத்தும் காப்புச் சுற்று ஒன்று தேவை.

5 வோல்ட் வழங்கில் இயங்கும் எல்எம்393 சில்லின் ஓர் உள்ளீட்டிற்கு 4.2 வோல்ட் குறிப்பு மின்னழுத்தமும், மற்றதற்கு மின்கலமும் நேரடியாக இணைக்கப்படுவதாகக் கொள்வோம். 36 வோல்ட்டைத் தாங்கும் முனைக்கு 4.2 வோல்ட் ஒரு பொருட்டன்று, சில்லு எரியாது. ஆயினும்,

பொதுநிலை மேல் வரம்பு = 5 − 1.5 = 3.5 வோல்ட் (25 டிகிரியில்)
பொதுநிலை மேல் வரம்பு = 5 − 2 = 3.0 வோல்ட் (முழு வெப்பநிலை எல்லையில்)

குறிப்பு மின்னழுத்தம் எப்போதும் 4.2 வோல்ட்டாக இருப்பதால் அது நிலையாகவே வரம்பிற்கு வெளியில் உள்ளது. மின்கலம் 4.2 வோல்ட்டை நெருங்கும்போது அதுவும் வரம்பைக் கடக்கிறது. முடிவு எடுக்கப்பட வேண்டிய அந்தத் தருணத்தில் இரு உள்ளீடுகளும் வரம்பிற்கு வெளியே நிற்கின்றன. மின்கலம் 3 வோல்ட்டில் இருக்கும்போது சுற்றைச் சோதித்தால் அது சரியான விடையையே தரும். காப்பு தேவைப்படும் வேளையில் கைவிட்டுவிடும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன.

தீர்வு 1: மின்னழுத்தப் பகுப்பான். சமமான இரு மின்தடைகளால் மின்கல மின்னழுத்தத்தைப் பாதியாக்கி, 2.1 வோல்ட் குறிப்பு மின்னழுத்தத்துடன் ஒப்பிடலாம். 2.1 வோல்ட் வரம்பிற்குள் அடங்கும். ஆனால், சில்லின் விலகல் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் எனில், மின்கலத்தின் பக்கத்தில் அது 10 மில்லிவோல்ட் பிழையாகப் பெருகும். மின்தடைகள் 1 சதவீதப் பிழை உடையவை எனில், மிக மோசமான நிலையில் பகுப்பு விகிதம் 1 சதவீதம் பிழைபடும். இது 42 மில்லிவோல்ட். இரண்டும் சேர்ந்தால் 52 மில்லிவோல்ட் ஆகி ஏற்கத்தக்க எல்லையைக் கடந்துவிடும். 0.1 சதவீதப் பிழை உடைய மின்தடைகளைப் பயன்படுத்தினால் மொத்தப் பிழை 4.2 + 10 = 14.2 மில்லிவோல்ட்டாகக் குறையும். குறிப்பு மின்னழுத்தத்தின் பிழையைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீர்வு 2: வழங்கு மின்னழுத்தத்தை உயர்த்துதல். சில்லை 12 வோல்ட்டில் இயக்கினால் மேல் வரம்பு 12 − 2 = 10 வோல்ட் ஆகும். பகுப்பான் தேவையில்லை. எல்எம்393 சில்லின் வெளியீடு திறந்த ஏற்பான் வகை என்பதால், வெளியீட்டு மின்தடையை 5 வோல்ட்டுடன் இணைத்து, அடுத்துள்ள 5 வோல்ட் இலக்கச் சுற்றுக்கு உரிய சைகையைப் பெறலாம்.

தீர்வு 3: முழு வீச்சு உள்ளீடு உடைய சில்லு. எம்சிபி6541 சில்லை 5 வோல்ட்டில் இயக்கினால் 4.2 வோல்ட் வரம்பிற்குள் அமையும். ஆனால், வழங்கு மின்னழுத்தம் நிறுத்தப்பட்டு மின்கலம் மட்டும் இணைந்திருக்கும் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது மின்கலத்தின் மின்னோட்டம் காப்பு டையோடின் வழியே வழங்கு முனைக்குப் பாயும். 10 கிலோ ஓம் தொடர் மின்தடை ஒன்றை இணைத்தால்,

மின்னோட்டம் = (4.2 − 0.6) ÷ 10 கிலோ ஓம் = 0.36 மில்லி ஆம்பியர்

இது சில்லின் உள்ளீட்டு முனைக்கு அனுமதிக்கப்பட்ட 2 மில்லி ஆம்பியருக்கு உட்பட்டது.

5. எடுத்துக்காட்டு 2: மாறுமின்னழுத்தத்தின் சுழிக் கடப்பைக் கண்டறிதல்

9 வோல்ட் மின்மாற்றியின் வெளியீடு எப்போது 0 வோல்ட்டைக் கடக்கிறது என அறிய வேண்டியுள்ளது. 9 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. எனவே,

பெரும மதிப்பு = 9 × 1.414 = 12.7 வோல்ட்

5 வோல்ட் வழங்கில் இயங்கும் எல்எம்393 சில்லின் ஓர் உள்ளீடு 0 வோல்ட்டில் வைக்கப்பட்டு, மற்றதற்கு இந்த மாறுமின்னழுத்தம் தரப்படுகிறது. நேர் அரைச்சுற்றில் உள்ளீடு 12.7 வோல்ட் வரை உயர்ந்தாலும் இடர் இல்லை. முனை அதனைத் தாங்கும். மற்ற உள்ளீடு வரம்பிற்குள் இருப்பதால் விடையும் சரியாக இருக்கும்.

எதிர் அரைச்சுற்றிலோ உள்ளீடு −12.7 வோல்ட்டுக்கு இறங்க முயலும். இது −0.3 வோல்ட் எல்லையை மிகவும் மீறியது. 100 கிலோ ஓம் தொடர் மின்தடையை மட்டும் இணைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 0.12 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும், சில்லு பிழைக்கும். ஆனால், முனை ஏறத்தாழ −0.6 வோல்ட்டில் நிற்பதால் வெளியீடு தவறலாம். எனவே, உள்ளீட்டு முனைக்கும் தரைக்கும் இடையே ஷாட்கி டையோடு ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். இச்சிறு மின்னோட்டத்தில் அதன் முன்னோக்கு மின்னழுத்தம் ஏறத்தாழ 0.2 வோல்ட் என்பதால் முனை −0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது.

தொடர் மின்தடை அளவுக்கு மீறிப் பெரிதாக இருத்தலும் கூடாது. எல்எம்393 சில்லின் உள்ளீட்டு மின்னோட்டம் 25 டிகிரியில் அதிக அளவாக 250 நானோ ஆம்பியர். 100 கிலோ ஓம் மின்தடையில் இது 25 மில்லிவோல்ட் பிழையை உண்டாக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை சுழியைக் கடக்கும்போது ஒரு மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் மாறுவதால், காலப்பிழை ஏறத்தாழ 6 மைக்ரோ நொடி மட்டுமே. பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இது பொருட்படுத்தத்தக்கதன்று.

6. தெரிவு செய்யும் முறை

ஒப்பீட்டானைத் தெரிவு செய்வோர் பின்வரும் படிநிலைகளைப் பின்பற்றலாம்.

1. ஒவ்வோர் உள்ளீட்டிற்கும் வரக்கூடிய மிகக் குறைந்த, மிக அதிக மின்னழுத்தங்களை எழுதுக. மின்சாரம் போடும் நேரம், நிறுத்தும் நேரம், இணைப்பு தலைகீழாதல் ஆகியவற்றையும் கருதுக.
2. ஒப்பீடு நிகழும் கணத்தில் இரு உள்ளீடுகளும் எம்மதிப்பில் இருக்கும் எனக் காண்க. அம்மதிப்பு பொதுநிலை வரம்பிற்குள் இருத்தல் வேண்டும்.
3. இரு உள்ளீடுகளுக்கு இடையிலான மிக அதிக வேறுபாட்டைக் கணக்கிட்டு வேறுபாட்டு வரம்புடன் ஒப்பிடுக.
4. வழங்கு மின்னழுத்தத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் வெப்பநிலையின் முழு எல்லையையும் கொண்டு கணக்கிடுக. 5 வோல்ட் வழங்கு 4.75 வோல்ட்டாகக் குறையக்கூடும் எனில், அதுவே கணக்கிற்கு உரியது.
5. வரம்பு போதாதெனில், பகுப்பான், உயர்ந்த வழங்கு, வேறு சில்லு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனால் கூடும் பிழையையும் கணக்கிடுக.
6. இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே வேகம், மின்நுகர்வு, விலை ஆகியவற்றைக் காண்க.

பாடச்சுருக்கம்

• மீறலாகா உச்ச வரம்பு சில்லு அழியாதிருப்பதற்கான எல்லை. பொதுநிலை வரம்பு அது சரியாக இயங்குவதற்கான எல்லை.
• எல்எம்393 சில்லின் மேல் வரம்பு வழங்கு மின்னழுத்தத்தைவிட 1.5 வோல்ட் குறைவு. முழு வெப்பநிலை எல்லையில் 2 வோல்ட் குறைவு.
• எல்எம்393 சில்லில் ஓர் உள்ளீடு வரம்பிற்குள் இருந்தால் விடை சரியாகும். இரண்டும் மேல் வரம்பைக் கடந்தால் விடையை நம்ப இயலாது.
• −0.3 வோல்ட்டுக்குக் கீழே உள்ளீடு இறங்கினால் வெளியீடு தவறலாம்.
• பகுப்பான் வரம்புச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் பிழையைப் பெருக்கும்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 9 வோல்ட் வழங்கில் இயங்கும் எல்எம்393 சில்லின் பொதுநிலை மேல் வரம்பு, முழு வெப்பநிலை எல்லையில்
அ) 9 வோல்ட் ஆ) 7.5 வோல்ட் இ) 7 வோல்ட் ஈ) 36 வோல்ட்

2. ஒற்றை வழங்கில் 0 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தங்களை ஒப்பிடப் பொருந்தாத சில்லு
அ) எல்எம்393 ஆ) எல்எம்311 இ) எம்சிபி6541 ஈ) இவற்றுள் எதுவுமில்லை

ஆ. குறுவினா

1. வேறுபாட்டு உள்ளீட்டு வரம்பு என்பது யாது?
2. குளிர்ந்த சூழலில் எல்எம்393 சில்லின் பொதுநிலை வரம்பு குறுகுவது ஏன்?

இ. சிறுவினா

1. 'சில்லு எரியவில்லை என்பதால் சுற்று சரியாக இயங்குகிறது எனக் கொள்ள முடியாது.' இக்கூற்றைத் தக்க எடுத்துக்காட்டுடன் நிறுவுக.
2. மின்னழுத்தப் பகுப்பானைப் பயன்படுத்தும்போது விலகல் மின்னழுத்தத்தின் விளைவு பெருகுவதை விளக்குக.

ஈ. நெடுவினா

1. 12 வோல்ட் ஈய–அமில மின்கலத்தின் மின்னழுத்தம் 10.8 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தால் எச்சரிக்கும் சுற்றை, 5 வோல்ட்டில் இயங்கும் எல்எம்393 சில்லையும் 2.5 வோல்ட் குறிப்பு மின்னழுத்தத்தையும் கொண்டு வடிவமைக்க. மின்னேற்றத்தின்போது மின்கலம் 14.4 வோல்ட்டை அடைந்தாலும் உள்ளீட்டு வரம்புகள் மீறப்படவில்லை என நிறுவுக.

உ. செயல்பாடு

எல்எம்393 சில்லை 5 வோல்ட்டில் இயக்கி, இரு உள்ளீடுகளையும் 10 மில்லிவோல்ட் வேறுபாட்டுடன் 1 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை சிறிது சிறிதாக உயர்த்துக. எம்மின்னழுத்தத்தில் வெளியீடு ஒப்பீட்டைப் பின்பற்றத் தவறுகிறது எனக் குறித்து, தரவுத்தாளின் மதிப்புடன் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.